அண்மைய மாற்றங்களை யார் பார்ப்பது?

தொழில்நுட்ப ஆவணம் எழுதும் குழுக்களுக்குள் விக்கி, அதாவது யார் வேண்டுமானாலும் தொகுக்கக்கூடிய வலைப்பக்கத் தொகுப்பு, எப்படி வரும், எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். ஏதாவது ஒரு கூட்டத்தில் யாராவது ஒருவர் "எல்லாத்தையும் விக்கியில போட்டுடலாமே" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். முதல் சில வாரங்கள் ஒரே உற்சாகம். நிறுவும் முறை, சர்வர் விவரம், புதிதாகச் சேர்ந்தவருக்கான வழிகாட்டி, கூட்டக் குறிப்பு என்று பக்கங்கள் குவியும். அப்புறம் ஒரு ரிலீஸ் வரும், எல்லாரும் அதில் மூழ்கிவிடுவார்கள். தலையைத் தூக்கிப் பார்க்கும்போது பாதிப் பக்கங்கள் பழசாகியிருக்கும். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. தெரியாததால் விக்கியை நம்ப மாட்டார்கள். நம்பாததால் திருத்தவும் மாட்டார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கும் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

கொஞ்ச காலம் கழித்து வேறொருவர் "இந்த விக்கி சரியில்ல, புதுசா ஒண்ணு பார்க்கலாம்" என்பார். மென்பொருளை மாற்றுவார்கள். பழைய பக்கங்களை அப்படியே புது இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கதை மறுபடி முதலிலிருந்து.

இதில் மென்பொருளின் குற்றம் கொஞ்சம்தான். மீடியாவிக்கி, டோக்குவிக்கி, கன்ஃப்ளூயன்ஸ் என்று எதை எடுத்தாலும் அடிப்படை வசதிகள் ஏறக்குறைய ஒன்றே. சிக்கல் நாம் எங்கே பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. விக்கி என்றதும் கண்ணில் படுவது 'தொகு' பொத்தான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதை நம்பித்தான் வாங்குகிறோம். ஆனால் விக்கியை உயிரோடு வைத்திருப்பவை, பலரும் ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காத மூன்று இணைப்புகள்: அண்மைய மாற்றங்கள், பக்க வரலாறு, கவனிப்புப் பட்டியல் (நாம் கண்வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியல்). எழுத ஆள் எப்படியாவது கிடைத்துவிடுவார். எழுதியதைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் வைத்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் வடிவமைப்பு உத்திகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கான இடம் அது. ஆக, விக்கி பிறந்ததே நம் தொழில்காரர்கள் மத்தியில்தான், கலைக்களஞ்சியம் எல்லாம் பின்னால் வந்தது. இன்று நாம் பழகிப்போன முழுமையான பக்க வரலாறு அதில் ஆரம்பத்தில் கிடையாது. ஆனால் எந்தெந்தப் பக்கத்தில் கை வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் அண்மைய மாற்றங்கள் பட்டியல் உண்டு. வழக்கமாக வருகிறவர்களுக்கு அதுதான் வாசல். எது பழசாகிறது, எது சூடாக விவாதிக்கப்படுகிறது, யார் புதிதாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு பட்டியலில் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்து அனுபவமும் பதிவாகியிருக்கிறது. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள் நடத்திய நூப்பீடியாவில் வல்லுநர்கள் எழுதி, வல்லுநர்களே பல கட்டமாகச் சரிபார்த்து, அதன்பிறகே கட்டுரை வெளிவரும். 2003இல் அதை மூடியபோது எல்லாக் கட்டங்களையும் தாண்டியிருந்தவை 25 கட்டுரைகள். 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா முதல் வருடத்திலேயே சுமார் 20,000 கட்டுரைகளைத் தொட்டது. கதவைத் திறந்துவிட்டால் போதும், எல்லாம் தானாக நடக்கும் என்பதற்கு இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் காட்டுவார்கள்.

2005இல் நடந்ததை அவ்வளவாகக் காட்டுவதில்லை. ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில் மே மாதம் ஒருவர் மோசமான பொய்யை எழுதி வைத்தார். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. இதில் எனக்கு மறக்காத விவரம் ஒன்று உண்டு. சில நாளிலேயே வேறொருவர் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார், ஒரு சொல்லின் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார், போய்விட்டார். பொய் தன் இடத்திலேயே, இப்போது சரியான எழுத்துக்கூட்டலோடு. பக்கத்தை ஒருவர் திறந்தார், தொகுத்தார், சேமித்தார். விக்கி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. உள்ளடக்கத்துக்குப் பொறுப்பாக ஒரு கண்ணும் இல்லை, அவ்வளவுதான். நிறுவனங்களுக்குள் இருக்கிற விக்கிகளில் இதேதான் தினமும் நடக்கிறது. அங்கே பொய் இருக்காது, போன வருடத்து உண்மை இருக்கும்.

சரி, இவ்வளவு தொல்லை என்றால் தொழில்நுட்ப எழுத்தாளருக்கு விக்கி எதற்கு? நான் விடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், டெவலப்பர்களிடமிருந்து விஷயத்தைக் கறப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

ஒரு டெவலப்பரிடம் "இந்தச் சேவையைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "கண்டிப்பா, இந்த வாரமே" என்பார். அந்த வாரம் வரவே வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெற்றுப் பக்கத்தை நிரப்புவது அவருடைய வேலையும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் அதே ஆள் தன் சேவையைப் பற்றி அரைகுறையாக எழுதிய ஒரு வரியைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க மாட்டார். கை பரபரக்கும். இணையத்தில் சரியான பதில் வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தப்பான பதிலைப் போடு என்று ஒரு விதி கன்னிங்ஹாம் பெயரிலேயே உலவுகிறது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவரே மறுத்துவிட்டார். அந்தத் தப்பை மட்டும் இன்னும் யாராலும் திருத்த முடியவில்லை.

வேண்டுமென்றே தப்பாக எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட்டுகள், அரட்டை, நிரலில் உள்ள குறிப்புகள் எல்லாவற்றையும் துழாவி, தெரிந்தவரை ஒரு வரைவு எழுதி வைக்க வேண்டும். தெரியாத இடத்தில் 'இது உறுதியில்லை' என்று வெளிப்படையாகக் குறித்துவிட வேண்டும். அப்புறம் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுராத்திரியில் எழுப்பப்படுகிற ஆள் அரைத் தூக்கத்தில் படிக்கப்போகிற பக்கம். வரைவின் கடைசிப் படி: 'புதிய சான்றிதழைக் கோப்புறையில் வைத்தபின் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யவும்.' பக்கத்தில் 'உறுதியில்லை' குறி.

முதலில் வந்தவர் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். ரீஸ்டார்ட் என்பது ரீலோட் ஆனது. தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது மாற்றத்துக்குக் காரணம் எழுதும் சிறு பெட்டியில், 'ரீஸ்டார்ட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கிற இணைப்புகள் அறுந்துவிடும்' என்று எழுதியிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாமவர் அதற்கு மேலே ஒரு படியைச் சேர்த்தார்: 'முதலில் அமைப்புக் கோப்பைச் சோதிக்கவும்.' அவருடைய சுருக்கம்: 'கோப்பில் பிழை இருந்தால் ரீலோட் நடக்காது, பழைய அமைப்பிலேயே ஓடும், யாருக்கும் தெரியாது.' அவர் சொன்னது சரிதான். ரீலோட் கட்டளை வந்ததும் என்ஜின்எக்ஸ் புது அமைப்பைச் சரிபார்க்கும். சரியாக இருந்தால் புதிய பணிச்செயல்களைத் தொடங்கி, பழையவை கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு விலகும்படி விட்டுவிடும். சரியில்லை என்றால் பழையதையே தொடரும். தளம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும், சான்றிதழ் மட்டும் பழையது.

மூன்றாவதாக சப்போர்ட் குழுவிலிருந்து ஒருவர். அவர் பக்கத்தைத் தொடவில்லை. உரையாடல் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டார்: 'புதுச் சான்றிதழ்தான் ஓடுகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?' உள்ளே இருக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. அதிலிருந்து கடைசிப் படி பிறந்தது: வெளியிலிருந்து தளத்துக்கு இணைந்து, சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்க்கவும்.

கூட்டம் இல்லை, மின்னஞ்சல் சங்கிலி இல்லை. ஒரு வரி நான்கு படியாயிற்று. எனக்கு அந்தப் படிகளைவிட வரலாற்றுப் பக்கத்தில் தங்கிவிட்ட சுருக்கங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. பின்னாளில் புதிதாக வந்தவர் 'ரீஸ்டார்ட் செய்தால் என்ன' என்று கேட்கும்போது, அந்த ரீலோட்டைக் கொண்டுவந்தவர் நிறுவனத்தை விட்டே போயிருந்தாலும் காரணம் அங்கே இருக்கிறது. கையேட்டில் 'என்ன செய்ய வேண்டும்' இருக்கும். 'ஏன்' என்பது பெரும்பாலும் மனிதர்களோடு சேர்ந்து வெளியே போய்விடும். தொகுப்புச் சுருக்கத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். சுருக்கம் எழுதாமல் சேமிக்க முயன்றால் நினைவூட்டும் வசதி மீடியாவிக்கியின் விருப்பத்தேர்வுகளில் இருக்கிறது. எல்லாரையும் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் நடத்தும் ஆர்ச்விக்கி இதில் ஒரு பாடநூல். ஆர்ச் பயன்படுத்தாதவர்கள்கூட லினக்ஸில் ஏதாவது மக்கர் செய்தால் அங்கே போய்த்தான் நிற்கிறார்கள். பங்களிக்க வருகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் அடிப்படை விதிகளைப் பாருங்கள்: தொகுப்புச் சுருக்கத்தை ஒழுங்காக எழுது, சிக்கலான மாற்றங்களை ஒரே அடியாகச் செய்யாதே, பக்கத்தை மொத்தமாகத் திருத்தி எழுதப்போகிறாய் என்றால் உரையாடல் பக்கத்தில் முன்கூட்டியே சொல். நடை, இலக்கணம், தலைப்பு வடிவம் பற்றி இந்த மூன்றில் ஒரு சொல்கூட இல்லை. மூன்றுமே அடுத்து வந்து பார்க்கப்போகிறவருக்குச் செய்யும் உபகாரம். எழுத்தாளர்களான நமக்கு இதில் இரண்டாவது விதி கசக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் உண்மையைத் திருத்துவோம், கூடவே வாக்கியங்களைச் சீவுவோம், பத்திகளை இடம் மாற்றுவோம், நிறுத்தற்குறியையும் சரிசெய்து ஒரே தடவையில் சேமிப்போம். வேறுபாட்டைக் காட்டும் திரை முழுக்க வண்ணம் பூசினாற்போல் ஆகிவிடும். அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு எண் மாற்றத்தை எந்த டெவலப்பரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நடையைத் திருத்துவது ஒரு சேமிப்பு, விஷயத்தைத் திருத்துவது வேறொரு சேமிப்பு.

அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பகுதி காலாவதியாகிவிட்டது, அல்லது துல்லியம் சந்தேகத்துக்குரியது என்று பட்டால், திருத்தத் தெரியாதவர்கூட அதற்கான வார்ப்புருவை (தயாராக இருக்கும் எச்சரிக்கைப் பெட்டியை) போட்டு, காரணத்தையும் அதற்குள் எழுதிவிடலாம். படிக்கிறவருக்கு எச்சரிக்கை, திருத்தத் தெரிந்தவருக்கு வேலைப்பட்டியல். நிறுவன விக்கிகளில் இதைக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 'நம் பக்கத்தில் இப்படிப் பெட்டி போட்டால் அசிங்கமாக இருக்காதா' என்பார்கள். தப்பான கட்டளையை அழகான எழுத்துருவில் வைத்திருப்பதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

சிவப்பு இணைப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு இப்போதே இணைப்புக் கொடுத்துவைக்கும் வசதி வேறெந்த ஆவணக் கருவியிலும் இவ்வளவு இயல்பாக இல்லை. மற்ற இடங்களில் அதற்குப் பெயர் உடைந்த இணைப்பு, அதைக் கண்டால் ஆவணத்தைத் தொகுத்து வெளியிடும் வேலையே நின்றுவிடும். விக்கியில் அது ஒரு வாக்குறுதி. மீடியாவிக்கியில் 'தேவைப்படும் பக்கங்கள்' என்ற சிறப்புப் பக்கம், எந்தெந்த இல்லாத பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் காத்திருக்கின்றன என்று வரிசைப்படுத்தித் தரும். அடுத்து எதை எழுதலாம் என்று திட்டமிடும் கூட்டங்களில் சத்தமாகப் பேசுகிறவரின் தலைப்புதான் முதலில் வரும். அந்தப் பட்டியலில் உண்மையான தேவை முதலில் வரும். எந்தப் பக்கமும் இணைக்காத உறவிலிப் பக்கங்கள், நெடுநாள் கை படாத பழைய பக்கங்கள் ஆகியவற்றுக்கும் இதேபோல் பட்டியல் உண்டு. மாதம் ஒருமுறை இந்த மூன்றையும் திறந்து பார்க்கிற எழுத்தாளருக்குத் தணிக்கை என்று தனியாக ஒன்று தேவைப்படாது.

குறியீடு தட்டுவதா, வேர்டு மாதிரி திரையில் எழுதுவதா என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. கன்ஃப்ளூயன்ஸ் 2011இல் குறியீட்டுத் தொகுப்பியை எடுத்துவிட்டபோது டெவலப்பர்கள் கொதித்தார்கள், மற்றவர்கள் நிம்மதியடைந்தார்கள். இரண்டு பேரும் சொன்னது சரி.

இதைவிடக் கனமான கேள்வி, விக்கியே வேண்டுமா, இல்லை நிரலைப் போல ஆவணத்தையும் கிட் களஞ்சியத்தில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து காக்கும் கோப்புக் கிடங்கில்) வைத்துவிடலாமா என்பது. அதற்கு எம்டிஎன், அதாவது மொசில்லாவின் வலைத் தொழில்நுட்ப ஆவணத் தளத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும். வலைத்தளம் கட்டுகிற யாரும் அங்கே போகாமல் இருந்திருக்க முடியாது. பழைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் டெவ்எட்ஜ் ஆவணத் தளத்தை அதன் உரிமையாளரான ஏஓஎல் 2004இல் மூடியது. அதன் உள்ளடக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஃபயர்பாக்ஸ் உலாவியின் மொசில்லா அனுமதி வாங்கி, 2005இல் மீடியாவிக்கி மேல் புதிய ஆவணத் தளத்தைத் தொடங்கியது. பின்னர் டெக்கிவிக்கிக்கு மாறினார்கள், 2012இல் தாங்களே எழுதிய கூமாவுக்கு மாறினார்கள். மென்பொருள் இரண்டு முறை மாறியும் தளம் விக்கியாகவே இருந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற போட்டியாளர்களே ஆலோசனைக் குழுவில் வந்து உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்ற ஒரு தளம் அந்த அளவுக்கு நம்பிக்கை பெற்றது சின்ன விஷயமில்லை.

ஆனால் 2020 டிசம்பரில் அவர்கள் விக்கியை மூடிவிட்டார்கள். உள்ளடக்கம் முழுவதும் கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்துக்குப் போனது. தொகு பொத்தான் போய், 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் வந்தது. விக்கியில் சேமித்த நொடியே மாற்றம் உலகத்துக்குத் தெரிந்துவிடும், சரிபார்ப்பு அதன் பின்னாலேயே ஓட வேண்டும். கிட்டில் சரிபார்ப்பு முன்னால் வரும், வெளியீடு பின்னால் வரும். அதே வருடம் ஆகஸ்டில் மொசில்லாவின் ஆட்குறைப்பு எம்டிஎன் குழுவையும் தாக்கியிருந்தது. ஓடிப்போய்ப் பார்க்க ஆட்கள் குறைந்துபோன நேரம்.

மொழிபெயர்ப்புகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் தவிர்த்த பக்கங்களை முதலில் உறையவைத்தார்கள். யாரும் திருத்த முடியாது. பிறகு ஒவ்வொரு மொழியாகத் திறந்தார்கள். பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தன்னார்வக் குழு முன்வந்த மொழி திறந்தது: பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம் இப்படி. மொழிபெயர்க்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் போதவில்லை. வருகிற மாற்றங்களைப் பரிசீலிக்க ஆள் வேண்டும் என்பதே நிபந்தனை.

இதைப் பார்த்து 'விக்கி தோற்றது, கிட் ஜெயித்தது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிட்டிலும் பரிசீலிக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் தூங்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரே வித்தியாசம், கிட்டில் கவனிப்பார் இல்லாவிட்டால் நல்ல திருத்தம் வெளியே வராது. விக்கியில் கவனிப்பார் இல்லாவிட்டால் கெட்ட திருத்தம் வெளியே போய்விடும். வாடிக்கையாளர் படிக்கிற கையேட்டுக்கு முதல் அபாயம் பரவாயில்லை. குழுவுக்குள் இருக்கிற ஆவணத்துக்கு இரண்டாவது அபாயமே மேல், ஏனென்றால் அங்கே தப்பைக் காணப்போகிறவர்கள் திருத்தத் தெரிந்தவர்கள்தான்.

பதிப்புகள் விஷயத்தில் மட்டும் நான் கிட் கட்சி. மென்பொருளின் 3ஆம் பதிப்பும் 4ஆம் பதிப்பும் ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும்போது விக்கி தடுமாறும். ஒரு பக்கம் நேற்று எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியும். இன்றைக்கே இரண்டு விதமாக இருக்க வேண்டும் என்றால் தெரியாது. 'நிறுவுதல்', 'நிறுவுதல் - புதியது', 'நிறுவுதல் - இதைப் பார்க்கவும்' என்று பக்கங்கள் முளைப்பது அங்கேதான். கிளை பிரித்து வைத்துக்கொள்ள கிட் பிறந்ததிலிருந்தே தெரிந்துவைத்திருக்கிறது. அதனால் வெளியீடு எண்ணோடு போகிற எதையும் களஞ்சியத்தில் வைக்கச் சொல்வேன். வரைவு, இயக்க வழிமுறை, முடிவெடுத்த காரணங்கள், புதியவருக்கான குறிப்பு ஆகியவை விக்கியில் இருக்கட்டும். விக்கியில் முதிர்ந்த பக்கம் களஞ்சியத்துக்குப் போகும்போது, பழைய இடத்தில் ஒரு வரி வழிமாற்று மட்டும் மிஞ்ச வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே விஷயம் இருந்தால் இரண்டுமே பொய்யாக நாளாகாது.

பார்க்கிற ஆளை எப்படி ஏற்பாடு செய்வது? 'குழு முழுவதும் பொறுப்பு' என்றால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். எழுதியவர் பெயராக இருக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தைத் தன் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவரின் பெயர். அவர் வேலையை விட்டுப் போகும்போது மடிக்கணினியைத் திருப்பித் தருவதுபோல் அந்தப் பட்டியலையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதுபோக, அண்மைய மாற்றங்களை வாரம் ஒருவர் முறைவைத்துப் பார்ப்பது நல்லது. அதில் டெவலப்பர்களும் இருக்க வேண்டும். எழுத்தாளர் தலையில் மட்டும் கட்டினால் அது எழுத்துப்பிழை வேட்டையாக முடியும், 2005இல் அந்தப் புண்ணியவான் செய்த மாதிரி.

யாரும் பெயர் தர முன்வராத பக்கத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். நீக்குங்கள் என்பதே என் பதில், பலருக்கு இது பிடிப்பதில்லை. என்றைக்காவது உதவும் என்பார்கள். முன்பு இதில் நானும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை. பழைய பக்கம் ஒரு மூலையில் கிடந்தால் கிடக்கட்டும், தேடி வருகிறவர் மேலே இருக்கும் தேதியைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். இப்போது நிறுவனங்கள் விக்கி மேல் கேள்வி பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை உட்காரவைக்கின்றன. அது பல வருடத்துக்கு முந்தைய பக்கத்தையும் நேற்றைய பக்கத்தையும் ஒன்றாகப் பிசைந்து, தேதியைக் கழற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று தெளிவான தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லும். கேட்டவர் பக்கத்தையே பார்ப்பதில்லை. அதனால் சிவப்பு இணைப்பும் கண்ணில் படாது, எச்சரிக்கைப் பெட்டியும் படாது, தொகு பொத்தானும் படாது. தப்பு என்று தெரிந்தாலும் திருத்துவதற்கு எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு உதவியாளரை வைக்கப்போகிறீர்கள் என்றால் பதிலுக்கு அடியில் மூலப் பக்கத்தின் இணைப்பையும், அதன் கடைசித் திருத்தத் தேதியையும், பொறுப்பாளர் பெயரையும் காட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத பக்கங்களை அதன் தேடல் வட்டத்துக்குள் விடாதீர்கள். இந்த நிபந்தனையைப் போட்ட மறுநாளே, என்றைக்காவது உதவும் என்று சொன்ன பக்கங்களில் எத்தனைக்கு ஆள் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.